தீ போட்டா கதவைப் பூட்டணும்

அடுப்பு கட்டுற தொழில்ல ஒரு அநியாயம் உண்டு: நல்லா எரிஞ்சா விறகுக்குப் பேரு, புகைஞ்சா எனக்குப் பேரு. இதைப் படிக்கிறவங்கள்ல கொத்தனாரோ, ஆசாரியோ, பம்புசெட் ரிப்பேர்காரரோ இருந்தா இப்பவே தலையை ஆட்டியிருப்பீங்க. வீட்டுக்காரர் சொன்னபடி செஞ்சாலும் நாமதான் திட்டு வாங்கணும். மீறிச் செஞ்சாலும் நாமதான் வாங்கணும். நம்ம கூட்டத்துக்குத் தலையெழுத்து அப்படி.

எனக்குப் போடியில பட்டறை. மலையில ஏலத்தோட்டங்கள்ல பச்சைக் காயைக் காய வைக்க ஒரு சூட்டறை இருக்கும். ‘ஸ்டோர்’னு சொல்லுவாக. விறகு வைக்கிற தீவாய் சுவருக்கு வெளிய இருக்கும். உள்ளாற சுவரைச் சுத்தித் தகரக் குழாய் ஓடும். புகை அந்தக் குழாய் வழியா ஓடிக் கூரைக்கு மேல வெளியேறும். ரூமு கொதிக்கும், காய் காயும். அந்த அடுப்பும் குழாயும் செஞ்சு மாட்டுறதுதான் என் பொழப்பு. எழுபதுகள்ல ஒரு வருசம், ஒழுங்காப் போயிட்டிருந்த அந்தப் பொழப்புக்குள்ள ஒரு கப்பல்காரர் வந்து சேர்ந்தாரு.

கப்பல்ல வந்த படம்

குணசீலன் முதலாளி போடி பஜார்ல ஏலக்காய் வியாபாரி. மலையில தோட்டமும் ஸ்டோரும் உண்டு. அவரு மச்சினன் டேவிட்டுக்குக் கப்பல்ல வேலை. ஏதோ பனி பெய்யிற நாட்டுல ஆளுக வீட்டுத் தோட்டத்துல மரக்குடில் கட்டி, அடுப்பு மேல கல்லை அடுக்கிச் சூடாக்கி, கல்லுல தண்ணி ஊத்தி, அந்த ஆவியில உக்காந்து வேர்க்கிறதைப் பாத்திருக்காரு. பாத்ததோட நிக்காம பத்திரிகையில வந்த படத்தையும் கிழிச்சுக் கொண்டாந்துட்டாரு. அதுக்குப் பேரு சவுனாவாம். முதலாளி அந்தப் படத்தை என் பட்டறைப் பலகையில விரிச்சு, “இதுல ஒண்ணு நம்ம வீட்டுத் தோட்டத்துக்கு வேணும்”னாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. “சித்திரை மாசம் மத்தியானம் பஸ் ஸ்டாண்டுல நின்னாப் பத்தாதா முதலாளி?”ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல.

ஏன் சிரிக்கலைன்னு அவரு வீட்டுக்குப் போனப்பதான் தெரிஞ்சுச்சு. அவரு சம்சாரம் எஸ்தர் அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தாக் கொஞ்சம் எளகும், ஆறினாத் திரும்பப் புடிச்சுக்கிரும். உடம்பு முழுக்கச் சூடு ஏறுனா சரியாகும்னு தம்பி சொன்னதை அந்த அம்மா கெட்டியாப் புடிச்சுக்கிட்டாக. எனக்கு உள்ளுக்குள்ள பயம். ஏலக்காய்க்கு மூச்சு வேணாம், மனுசருக்கு வேணும். இதை எப்படிச் சொல்லலாம்னு நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அந்த அம்மா முந்திக்கிட்டாக: “சர்ச்சுல எல்லாரும் முட்டி போட்டு ராப்போசன அப்பம் வாங்குறாக மேஸ்திரி, நான் மட்டும் கரண்டுக் கம்பம் மாதிரி நிக்கிறேன். எனக்கு ஒருதடவை மடங்கினாப் போதும்.”

கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?

வீட்டுத் தோட்டம்னா பெருசா ஒண்ணும் இல்ல. கிணறு, நாலு மாமரம், ஓலை வேய்ஞ்ச மாட்டுக்கொட்டகை. முதலாளி கொட்டகையை ஒட்டிக் கட்டச் சொன்னாரு. ஆடிக்காத்து மலையில இருந்து எறங்கினா, குழாயில இருந்து பறக்கிற பொறி எங்க போய் விழும்? இதைச் சொல்லி அவரைக் கிணத்துப் பக்கம் இழுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. அப்புறம் மரம். தேக்குதான் கௌரவம்னாரு முதலாளி. பலா போதும்னு ஆசாரி. எப்படியோ பலாப்பலகையை ரெண்டடுக்கா அடிச்சு, நடுவுல தேங்காநாரைத் திணிச்சுச் சூடு வெளிய போகாமப் பண்ணினோம். சூடு மட்டுமா? உள்ள பேசினாக்கூட வெளிய கேக்காது.

பெரிய சண்டை தீவாய்க்கும் கதவுக்கும்தான். படத்துல அடுப்பு ரூமுக்கு உள்ள இருந்துச்சு. உக்காந்திருக்கிறவரே விறகை வைக்கலாம், வேணாம்னா இழுக்கலாம். முதலாளி ஒத்துக்கல. சாம்பலும் கரியும் அம்மா மேல படக்கூடாது, ஸ்டோர் மாதிரியே தீவாய் வெளிய இருக்கணும்னாரு. அது போகட்டும்னு விட்டேன். கதவு உள்பக்கம் தொறக்கணும்னாரு. அதுக்கு மட்டும் முடியவே முடியாதுன்னுட்டேன். மயக்கம் வந்து ஒருத்தர் கதவை ஒட்டி விழுந்துட்டா, உள்பக்கம் தொறக்கிற கதவை எப்படித் தள்ளுறது? தரையை ஒட்டி ஒரு காத்து ஓட்டையும் வச்சே தீருவேன்னேன். “சரி, ரெண்டையும் வச்சுக்க. ஆனா கதவுக்கு வெளியில பூட்டு மாட்டக் கொண்டி வேணும், தோட்டத்துல தண்ணி ஊத்தப் பித்தளைச் செம்பு வச்சா ஒரு நாள் தங்காது”ன்னாரு. ஆள் இருக்கிற ரூமுக்கு வெளியில எதுக்குக் கொண்டின்னு கேட்டேன். அவருக்குக் கோவம் மூக்குக்கு மேல வந்துருச்சு: “ஏலக்காய்க்குத்தான் கட்டத் தெரியும், பொம்பளையாளுக்குக் கட்டத் தெரியாதுன்னு சொல்லிரு மேஸ்திரி, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

கொண்டியை என் பட்டறையிலயே அடிச்சேன். கோவத்துல அடிச்சதால ரொம்ப உறுதியா வந்துருச்சு.

ஆத்துக்கல்லு

அடுப்பு மேல அடுக்கக் கல்லு வேணும். டேவிட் தம்பி ஆள் விட்டுக் கொட்டகுடி ஆத்துல இருந்து வழவழன்னு கூழாங்கல்லா அள்ளிட்டு வந்துட்டாரு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. முதல் வெள்ளோட்டம். நல்லவேளையா யாரும் உள்ள போகல. கதவைத் தொறந்து வச்சு எல்லாரும் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டிருந்தோம். கல்லு சிவக்கிற நேரம், ‘டமார்’! ஒரு கல்லு வெடிச்சுச் சில்லு பறந்து எதிர்ச் சுவத்துப் பலகையில குத்தி நின்னுச்சு. எஸ்தர் அம்மா எங்க உக்காரணும்னு பெஞ்சு போட்டிருந்தோமோ, அதுக்குச் சரியா மேல.

ஆத்துல கெடந்த கல்லுக்குள்ள ஈரம் இருக்கும், சூட்டுல அது வெளிய வர வழி இல்லாம வெடிக்கும்னு அப்பத்தான் எல்லாருக்கும் ஞானம் பொறந்துச்சு, என்னையும் சேத்து. கல்லு பூராத்தையும் அள்ளிக் கொட்டிட்டு, குவாரியில காஞ்சு கெடந்த கருங்கல்லை ஒடச்சுக் கொண்டாந்து அடுக்கினேன். எஸ்தர் அம்மா அந்தச் சில்லைப் பலகையில இருந்து புடுங்கிக் கையில வச்சுப் பாத்துட்டுச் சொன்னாக: “நல்லவேளை இன்னைக்கே வெடிச்சுச்சு. நான் உள்ள இருக்கையில வெடிச்சிருந்தா, பாவம், உங்களையில்ல புடிச்சிருப்பாக மேஸ்திரி.”

ஏட்டையா வந்தாரு

ரெண்டாவது வெள்ளோட்டத்துல கல்லு வெடிக்கல, ஏட்டையா வந்தாரு. அது மதுவிலக்கு இருந்த சமயம். தோட்டத்துக்குள்ள புதுசா ஒரு குடில், ஜன்னல் இல்ல, கூரையில புகை, பக்கத்துல கிணறு. யாரோ போய் நல்லபடியா வத்தி வச்சுட்டாக. முதலாளி கடையில இருந்தாரு, மாட்டிக்கிட்டது நான். அடுப்பு, குழாய், ஆவி, தண்ணி எல்லாத்தையும் பாத்துட்டு ஏட்டையா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோந்தாரு. “சாராய ஊறல் எங்க?”ன்னு கேட்டாரு. ஊறல் இல்லய்யா, இது உக்காந்து வேர்க்கிற ரூமுன்னேன். லத்தியால பெஞ்சுக்கு அடியில எல்லாம் தட்டினாரு. எனக்கு அப்பவே வேர்த்துக் கொட்டிருச்சு.

எஸ்தர் அம்மா முட்டியைப் புடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து வந்து கப்பல் படத்தைக் காட்டி வெவரம் சொன்ன பிறகுதான் என்னை விட்டாரு. போறப்ப வாசல்ல நின்னு தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டே சொன்னாரு: “வேர்க்கிறதுக்கா இம்புட்டுச் செலவு? ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருந்தா ஓசியிலயே வேர்க்க வச்சிருப்பமே.”

ஊமைக் குழாய்

தீ பாத்துக்க முதலாளி மலையில இருந்து சுருளியண்ணனைக் கூட்டிட்டு வந்தாரு. ஸ்டோர் காவலுக்கு அவரை மாதிரி ஆள் கெடையாது. ஏலக்காய் கையளவு காணாமப் போனாலும் பெரிய நஷ்டம். காயிற நேரத்துல கதவைத் தொறந்தாலும் சூடு எறங்கிக் காய் நிறம் போயிரும். அதனால மலையில ஒரு சட்டம்: தீ போட்டா கதவைப் பூட்டணும், பூட்டின சாவியை நேரா முதலாளி கையில குடுத்துரணும். சுருளியண்ணன் ஒருதடவைகூட அந்தச் சட்டத்தை மீறினது இல்ல. இடுப்புல எப்பவும் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கும். முதலாளியும் அப்படித்தான். யாரோட பேசிக்கிட்டிருந்தாலும், சுருளியண்ணன் சாவியை நீட்டினாத் திரும்பிப் பாக்காமலே வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்குவாரு.

அண்ணனுக்கு என் மேல ஒரே ஒரு குறை. ஸ்டோர்ல தகரக் குழாய் சூடேறுனா விரிஞ்சு ‘டங்கு டங்கு’ன்னு தட்டும். ‘குழாய் பேசுது’ம்பாரு அவரு, அதைக் கேட்டாத்தான் தீ சரியாப் புடிச்சிருக்குன்னு அவருக்கு நிம்மதி. நான் மாட்டுற குழாய் பேசாது. மூட்டுக்கு மூட்டு விரியிறதுக்கு எடம் விட்டு மாட்டுவேன். அதுல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டுன்னே வச்சுக்கங்க. அவரு வந்தன்னைக்குத் தீ போட்டுக் காட்டினப்ப அண்ணன் சுவத்துல காதை வச்சுக் கேட்டுட்டு உதட்டைப் பிதுக்கினாரு: “என்ன மேஸ்திரி, சத்தத்தையே காணோம்? ஊமைக் குழாயைக் கொண்டாந்து மாட்டியிருக்கீக.”

குழாய் பேசின நாள்

எஸ்தர் அம்மா முதமுதலா உள்ள உக்காரப் போற நாள். ரூமு நல்லாச் சூடானதும் சுருளியண்ணன் வந்து சொல்லுவாரு, அப்புறம் போனாப் போதும்னு பேச்சு. நான் கூரைத் தகரத்துல புகை கசியிதான்னு பாக்கக் காலையிலயே வந்துட்டேன். தோட்டத்துக்குள்ள காலை வைக்கையில சுருளியண்ணன் முகமெல்லாம் பல்லா எதிர்ல ஓடியாந்தாரு. “மேஸ்திரி! உங்க குழாய் பேசிருச்சு! கொஞ்ச நேரமா என்னமாப் பேசுதுங்கிறீக! ரெண்டு கட்டை கூடப் போட்டிருக்கேன்.”

எனக்கு எங்க இருந்துதான் அம்புட்டு ஆத்திரம் வந்துச்சோ. என் குழாயா? பேசுதா? எந்த மூட்டு இடிக்குதுன்னு பாக்கணும்னு விறுவிறுன்னு போய்ச் சுவத்துல காதை வச்சேன். டங், டங், டங். நின்னுச்சு. மறுபடி டங், டங், டங். நின்னுச்சு. விரியிற தகரம் இப்படி நிறுத்தி நிறுத்தித் தட்டாது. தட்டுறது ஆளு.

“உள்ள யாருண்ணே?”ன்னேன். “யாரும் இல்லையே. அம்மா இன்னும் வீட்டுலதான் இருக்காக”ன்னாரு. கதவைப் பாத்தேன். நான் அடிச்ச கொண்டியில திண்டுக்கல் பூட்டு தொங்குது. “சாவி எங்க?”ன்னு கத்தினேன். “முதலாளி கையில குடுத்துட்டேன். அவரு ஜீப்புல தேனிக்குப் போயிட்டாரே”ன்னு சொல்லிக்கிட்டே என் முகத்தைப் பாத்தவருக்கு அப்பத்தான் வெளங்கிச்சு. வாய் தொறந்தபடி நின்னுட்டாரு.

“தீயை இழுங்கண்ணே!”ன்னு போட்ட சத்தத்துல அவருக்கு உசுரு வந்துச்சு. வெறுங்கையால கொள்ளியை இழுத்து வெளிய எறிஞ்சாரு. நான் சுத்தியலால பூட்டுல ஒண்ணு போட்டேன். சுத்தியல்தான் தெறிச்சுச்சு. கொண்டியில போட்டேன். அசையல. அன்னைக்குக் கோவத்துல அடிச்ச கொண்டி, எப்படி அசையும்? இரும்பு குளுர எம்புட்டு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். தீயை இழுத்தாலும் உள்ள சூடு உடனே எறங்காது. சுவத்துக்குள்ள டங்குச் சத்தம் நின்னுபோச்சு. கடவுளே, ஆளைக் கொன்ன அடுப்புக்காரன்னு பேரு வாங்கப் போறேன்னு நெனச்சேன். அதைவிட அந்த அம்மா முகம்தான் கண்ணுல நின்னுச்சு.

அப்பத்தான் கீல் ஞாபகம் வந்துச்சு. கதவு வெளிய தொறக்கிறதால கீலும் வெளியிலதான் இருக்கு. உளியைக் கீல் ஆணிக்கு அடியில குடுத்து மேல தட்டினேன். கீழ் ஆணி வந்துச்சு. நடு ஆணி வந்துச்சு. மேல் ஆணி சிக்கிக்கிச்சு. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன்னு ஞாபகம் இல்ல, அதுவும் வந்துச்சு. கதவைக் கீல் பக்கமாப் புடிச்சு நானும் சுருளியண்ணனும் இழுத்தோம். ஆவி முகத்துல அறைஞ்சுச்சு.

பெஞ்சுல ஆள் இல்ல. எஸ்தர் அம்மா தரையில, காத்து ஓட்டையில முகத்தை வச்சுக்கிட்டு இருந்தாக. சேலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. கல்லுக்கு வச்ச தண்ணியைத் தன் மேலயே ஊத்தியிருக்காக. கையில நசுங்கின பித்தளைச் செம்பு. வேலைக்காரங்க வேடிக்கை பாப்பாகன்னு கூச்சப்பட்டு, சுருளியண்ணன் விறகு எடுக்கப் போன நேரத்துல யாருக்கும் தெரியாம முன்னாலயே உள்ள போயிட்டாக. அவரு திரும்பி வந்து வழக்கம்போலப் பூட்டிட்டாரு. மாமரத்தடியில தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சு, தண்ணி குடுத்து, விசிறினோம். நான் அழுதுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணைத் தொறந்தவுக என்னைக் கூப்பிட்டாக. திட்டுறதுக்குன்னு நெனச்சுக் குனிஞ்சேன். ரகசியம் மாதிரிச் சொன்னாக: “அந்த ஓட்டைகிட்ட முட்டி போட்டுத்தான் இருந்தேன் மேஸ்திரி. மடங்கிருச்சு.”

சுருளியண்ணன்

டாக்டர் வந்து பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போற வரைக்கும் சுருளியண்ணன் கிணத்தடியை விட்டு எந்திரிக்கல. உள்ளங்கை ரெண்டும் கொப்புளம். மருந்து போட விடல. “ஏண்ணே, வீட்டுத் தோட்டத்துல யாருண்ணே ஏலக்காய் திருடப் போறா? எதுக்குப் பூட்டினீக?”ன்னு கேட்டேன். ஏசணும்னு கேக்கல, நெசமாவே தெரியாமத்தான் கேட்டேன். அவரு கையையே பாத்துக்கிட்டுச் சொன்னாரு: “தீ எரியுது, கதவு பூட்டாமக் கெடக்குது. என்னமோ தப்புப் பண்ற மாதிரி மனசு அடிச்சுக்கிச்சு மேஸ்திரி. பூட்டின பிறகுதான் நிம்மதியா இருந்துச்சு.”

முதலாளி பையில

சாயங்காலம் முதலாளி வந்தாரு. விசயத்தைக் கேட்டதும் நேரா சுருளியண்ணன் மேல பாய்ஞ்சாரு. “எந்த முட்டாள்டா சாவியைக் கொண்டுபோனது?”ன்னு கத்தினாரு. எஸ்தர் அம்மா கட்டில்ல படுத்தபடியே, “உங்க சட்டைப் பையைப் பாருங்க”ன்னாக. கையை விட்டாரு. சாவியை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தாரு. அவரு மூஞ்சியைப் பாக்க எனக்கே கஷ்டமாப் போச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னாரு: “அந்தக் கொண்டியை அறுத்து எடுத்துட்டுப் போயிரு மேஸ்திரி. சுருளி கண்ணுல படக்கூடாது. என் கண்ணுலயும் படக்கூடாது.”

அறுத்தேன். அரை நாள் ஆச்சு.

தேனியில இருந்து ஒருத்தர்

எஸ்தர் அம்மா அந்த ரூமை விடல. கொண்டி இல்லாத கதவு, வாசல்ல நாற்காலி போட்டு முதலாளியே காவல். அடுத்த ராப்போசனத்துக்கு முட்டி போட்டுட்டாக; எந்திரிக்கத்தான் ரெண்டு பேர் தூக்க வேண்டியதாப் போச்சுன்னு அவுகளே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாக.

சேதி பரவிருச்சு. எங்கன போனாலும் ‘முட்டி மடக்குற ரூமு மேஸ்திரி’ன்னு என்னைக் காட்ட ஆரம்பிச்சுட்டாக. ஒருநாள் தேனியில இருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் பட்டறைக்கு வந்தாரு. அவரு அத்தைக்கும் முட்டிவலியாம். கதவு வெளிய தொறக்கணும், தரையில ஓட்டை வேணும், வெளியில கொண்டி கூடவே கூடாதுன்னு நான் ஒவ்வொண்ணா வெரல் மடக்கிச் சொன்னேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினாரு, கொண்டிக்கு மட்டும் கையை நீட்டித் தடுத்தாரு: “அதெப்படி? போடி அம்மாவுக்குப் பூட்டின பிறகுதானே மடங்குச்சு? அதே கொண்டி, அதே பூட்டு, முடிஞ்சா அந்தக் காவக்காரரையும் ஒருநாளைக்கு அனுப்பி வைங்க மேஸ்திரி.”

அடுப்புல இருந்து புகையை வெளிய கொண்டுவந்தாப் போதும்னு நெனச்சுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மனுசங்களையும் நாமதான் வெளிய கொண்டுவரணும்னு ஆரம்பத்துல யாரும் சொல்லல.